பீட்டின் அழகும் பிடிப்பும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழாவில் பேசுகிறவர்கள் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் மரபு. கம்பனும் இளங்கோவும் வள்ளுவரும் இம்மேடையில் பலமுறை எழுந்தருளியிருக்கிறார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் என்னிடம் செயலாளர் அவர்கள் தலைப்புக் கேட்டபோது, "வெல்டிங்" என்றேன். சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, "பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள்" என்றார். அவருடைய பெருந்தன்மைக்கு என் நன்றி.

நான் பண்டகப் பிரிவைச் சேர்ந்தவன். கம்பிச் சுருள் இத்தனை, காஸ் சிலிண்டர் இத்தனை என்று பேரேட்டில் ஏற்றுவதும் இறக்குவதும் என் தொழில். ஒரு பொருளை இருபது ஆண்டு எழுதிக்கொண்டே இருந்துவிட்டு, அது என்ன செய்கிறது என்பதை அறியாமல் ஓய்வு பெறுவது முறையன்று என்று எனக்குத் தோன்றியது. நம் காலனியில் ஓய்வு பெற்ற வெல்டர் ஒருவர் இருக்கிறார். சிறியவரும் பெரியவரும் அவரை அண்ணாச்சி என்றே அழைக்கிறோம். தம் பெயரை மேடையில் சொல்லக்கூடாது என்பது அவர் கட்டளை. அவர் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் கம்பி ஊட்டும் சிறு மெஷின் ஒன்று உண்டு. மூன்று ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் அங்கே மாணவன்.

இதை இங்கே பேசுவதற்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகள் சிலர் ஐ.டி.ஐ.யில் சேர்ந்து இத்தொழிலைப் பயில்கிறார்கள். இன்னும் சிலர் சேரப் போகிறார்கள். "ராடு பிடித்து வெல்டிங் கற்பதற்கு ஓராண்டு வேண்டும், கம்பி மெஷினை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம்" என்று ஒரு பேச்சு நம் வீடுகளில் உலவுகிறது. அதில் பாதி உண்மை. மற்றப் பாதி ஆபத்தானது. அந்த ஆபத்தைத்தான் இன்று விளக்கப் புகுகிறேன்.

முதலில், தாய்மார்களுக்காக, இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு இரும்புத் தகடுகளைச் சேர்த்து வைத்து, சேரும் இடத்தை மின்சாரத்தின் சுடரால் உருக்கி, கூடவே சிறிது இரும்பையும் உருக்கி ஊற்றி, ஆறவிட்டு ஒரே உடலாக்குவது வெல்டிங். ஆறியபின் அங்கே ஒரு வரி தழும்புபோல் புடைத்து நிற்கும். அதுவே பீட். பழைய முறையில் கையில் ஒரு ராடு இருக்கும். அது எரிந்து குறையக் குறைய வெல்டர் தம் கையை இறக்கிக்கொண்டே போகவேண்டும். புதிய முறையில் ராடு இல்லை. சுருளில் சுற்றிய மெல்லிய கம்பியை மெஷினே உருளைகளால் பிடித்து, குழாய் வழியாக டார்ச்சின் முனைக்குத் தள்ளும். காற்று பட்டால் உருகிய இரும்பு கெட்டுவிடும் ஆகையால், டார்ச்சின் வாயிலிருந்து ஒரு காஸும் உடன் வந்து அவ்விடத்தைப் போர்த்தி நிற்கும்.

இம்முறை அமெரிக்காவில் 1948-ஆம் ஆண்டையொட்டி அலுமினியத்திற்காக உருவாயிற்று. அப்போது பயன்பட்டவை ஆர்கான் போன்ற விலையுயர்ந்த காஸ்கள். இரும்பிற்கு மலிவான கார்பன் டை ஆக்ஸைடே போதும் என்பதை 1953-இல் சோவியத் நாட்டு அறிஞர்கள் வெளியிட்டார்கள். நம் ஒர்க்ஷாப்புகளில் இதனை 'சி.ஓ.டூ வெல்டிங்' என்றே சொல்வதற்கு அதுவே காரணம். சோடாப் புட்டியில் நுரைக்கிற அதே காஸ்தான். சுடரின் வெப்பத்தில் அது பிரிந்து பிராணவாயு வெளிப்படும். அது இரும்பைக் கெடுக்காமலிருக்கும்பொருட்டுக் கம்பியிலேயே சிலிக்கனும் மாங்கனீசும் கலந்திருக்கிறார்கள். பீட்டின்மேல் ஆங்காங்கே பழுப்புக் கண்ணாடித் துளிகள் மிதந்து உறைந்திருக்கும். அவை இக்காவலர்கள் வேலை செய்த அடையாளம். பேரேட்டில் 'செம்பு பூசிய கம்பி' என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்த எனக்கு, அதனுள் இத்தனை சமாசாரம் இருப்பது பெருவியப்பாக இருந்தது.

இனிக் கற்கும் முறைக்கு வருகிறேன். தாய்மார்கள் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்வீர்கள். விடியற்காலையில் இழைக்கோலம் போடுகிறவர், விரலிடுக்கில் மாவு விழும் வேகத்தையும் கை நகரும் வேகத்தையும் ஒத்திசைக்கிறார். கை நின்றால் மாவு குவியும். கை ஓடினால் இழை அறும். அவர் தம் விரலைப் பார்ப்பதில்லை. இழை அடுத்துப் போகவேண்டிய இடத்தைப் பார்க்கிறார். கம்பி மெஷினில் பீட் போடுவதும் ஏறக்குறைய இதுவே. கம்பியை மெஷின் ஒரே வேகத்தில் விடுகிறது. கையை ஒரே வேகத்தில் நகர்த்துவது நம் பொறுப்பு. கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது விரைவில் வசப்படும் என்பது என் துணிபு. அண்ணாச்சியின் மருமகள் ஒருநாள் விளையாட்டாகக் கவசம் அணிந்து டார்ச்சை எடுத்து, இரண்டாவது முயற்சியிலேயே ஒரு சாண் நீளத்திற்கு நேரான பீட் போட்டார். எங்களில் எவரும் அன்று அதிகம் பேசவில்லை.

கோலத்திற்கும் பீட்டிற்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றை இங்கே குறிக்கவேண்டும். கோல இழை தரையின்மேல் கிடந்தால் போதும். பீட் தகட்டின்மேல் கிடந்தால் போதாது, தகட்டுக்குள் இறங்கியிருக்கவேண்டும். இறங்கியிருக்கிறதா என்பது மேலே பார்த்தால் தெரியாது.

ராடு வெல்டிங்கில் வெப்பம் போதாவிட்டால் ராடு தகட்டோடு ஒட்டிக்கொண்டு, சுடர் அணைந்து, கற்பவனை அவமானப்படுத்திவிடும். குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடும் முரட்டு ஆசிரியர் அது. கம்பி மெஷினோ மிகவும் மரியாதையானது. தகடு உருகினாலும் உருகாவிட்டாலும் கம்பியை ஊட்டிக்கொண்டே இருக்கும். குளிர்ந்த தகட்டின்மேல் உருகிய கம்பி படிந்து, வரிவரியாக, பளபளப்பாக, மீன் செதில்போல் அழகாக உறையும். உள்ளே பிடிப்பே இராது. ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் கற்றுக்கொள்வது இந்த அழகை மட்டுமே.

இதனை நான் கண்ணாற் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். என் தமக்கை மகன் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தேறாமல், திருநெல்வேலியிலிருந்து இந்தக் கரக்பூருக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினான். அவன் அண்ணாச்சியிடம் போகத் தொடங்கியதை அறிந்ததும் என் தமக்கை தொலைபேசியில் அழுதாள். "தம்பி, உன்னை நம்பி அனுப்பினேனே, என் பிள்ளை இரும்பு ஒட்டவா பிறந்தான்?" என்றாள். பையனோ உற்சாகமாக இருந்தான். கைப்பேசியில் அயல்நாட்டு வெல்டர்கள் காசுகளை அடுக்கிச் சாய்த்ததுபோல் போடும் பீட்களைப் பார்த்து, மூன்று வாரத்தில் அதேபோல் போடவும் கற்றுக்கொண்டான். 6 மில்லிமீட்டர்த் தகடுகள் இரண்டை 'டி' எழுத்துப்போல் நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் பீட் போட்டு, அதைப் படம் பிடித்துத் தாய்க்கும் அனுப்பிவிட்டான்.

அண்ணாச்சி அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "அழகாக இருக்கிறது தம்பி. உடைத்துப் பார்" என்றார்.

பையனுக்கு மனமில்லை. ஆயினும் பெரியவர் சொல்லைத் தட்டாமல் அதை வைஸில் மாட்டி, நின்ற தகட்டைப் பீட் இருக்கும் பக்கமாகச் சாயும்படி சம்மட்டியால் அடித்தான். மூன்றாம் அடியில் பிளந்துகொண்டது. நின்ற தகட்டில் பீட் நன்றாகப் பிடித்திருந்தது. படுத்த தகட்டிலோ, வேலைக்கு முன் அவன் கிரைண்டர் போட்டுத் தேய்த்த கோடுகள் ஒன்றுகூட அழியாமல் அப்படியே இருந்தன! உருகிய இடத்தில் கோடு எப்படி மிஞ்சும்? அவன் அதை விரலால் தடவிக்கொண்டே, "மாமா, இது ஒட்டவே இல்லை" என்றான். அவன் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து அக்கொட்டகையில் ஒரு விதி ஏற்பட்டது. போட்ட பீட்களில் பாதியையாவது உடைக்கவேண்டும். அல்லது குறுக்கே அறுத்து, தேய்த்து, மெருகேற்றி, அமிலம் தடவிப் பார்க்கவேண்டும். அமிலம் பட்டதும் உருகிய பகுதி வேறு நிறமாகத் தெரியும்; பீட் தகட்டுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அளவுகோல் வைத்தே அளக்கலாம். அமிலத்தைப் பெரியவர் மேற்பார்வையில், கையுறையும் கண்ணாடியும் அணிந்தே கையாளவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பையனுடைய பீட் ஏன் பிடிக்கவில்லை? காரணங்கள் மூன்று. முதலாவது, கரண்ட் போதவில்லை. இந்த மெஷினில் கம்பி விரைவாக வந்தால் கரண்ட் கூடும். வோல்டேஜைக் கூட்டினால் பீட் அகன்று தட்டையாகும். 0.8 மில்லிமீட்டர்க் கம்பியும் 2 மில்லிமீட்டர்த் தகடும் ஆனால், சுமார் 90 ஆம்பியரும் 17 அல்லது 18 வோல்ட்டும் வைத்துத் தொடங்கலாம். அந்த அளவை 6 மில்லிமீட்டர்த் தகட்டுக்கும் வைத்தால், தடித்த தகடு வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு தான் உருகாமல் நிற்கும். இரண்டாவது, டார்ச்சைத் தூக்கிப் பிடித்தான். முனையிலிருந்து கம்பி 10 முதல் 15 மில்லிமீட்டர்வரை நீண்டிருக்கலாம். அதற்கு மேல் தூக்கினால் கரண்ட் தானே குறைந்துவிடும். காஸின் போர்வையும் கலையும். கண்ணுக்கு நன்றாகத் தெரியவேண்டும் என்று கற்பவர் அனைவரும் டார்ச்சைத் தூக்குவார்கள். தலையைத்தான் தாழ்த்தவேண்டும்.

மூன்றாவதே மிக முக்கியம். சுடருக்குக் கீழே உருகிய இரும்பு ஒரு சிறு குட்டையாகத் தேங்கும். புதியவர் கண்ணைப் பறிக்கும் சுடரையே பார்ப்பார். தேர்ந்தவர் குட்டையின் முன் விளிம்பைப் பார்ப்பார். கம்பி அந்த முன் விளிம்பில் விழவேண்டும்; அப்போதுதான் சுடர் புதுத் தகட்டைத் தின்று முன்னேறும். அழகிய வரி வேண்டுமென்று கையைப் பின்னும் முன்னும் ஆட்டிக்கொண்டு மெதுவாகப் போனால், குட்டை சுடரை முந்தி ஓடிவிடும். பிறகு சுடர் எரிவது குட்டையின் மேலேயே. அடியிலுள்ள தகடு சூடாகுமேயன்றி உருகாது. மேலிருந்து கீழாக இழுத்துப் போடும் பீட்டிலும் இதே வஞ்சகம் உண்டு. மெல்லிய தகட்டுக்கு அது பொருந்தும். தடித்த தகட்டில் பட்டுப்போல் படிந்து உள்ளே வெறுமையாக இருக்கும். அங்கே கீழிருந்து மேலாக ஏறவேண்டும், பீட் அவ்வளவு அழகாக வராது, வராவிட்டால் போகட்டும்.

அளவுகளை நான் எண்களாகச் சொன்னேன், எழுத்தன் அல்லவா? அண்ணாச்சி எண்ணைப் பார்ப்பதே இல்லை, காதால் பார்க்கிறார். மெல்லிய கம்பியில் இவ்வெல்டிங் நடக்கும்போது, கம்பியின் நுனி நொடிக்கு இருபது முதல் இருநூறு முறை குட்டையைத் தொட்டுத் தொட்டு உருகி விழுகிறது. ஒழுங்காக நடந்தால், காய்ந்த எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோல் ஒரே சீரான ஓசை வரும். வோல்டேஜ் குறைந்தால் கம்பி தகட்டை முட்டும், கையில் உதைக்கும், சரவெடிபோல் படபடக்கும். கூடினால் பொரியும் ஓசை மறைந்து 'உஸ்' என்று இழுக்கும். கம்பி நுனியில் குண்டு கட்டும். அடுத்த வீட்டிலிருந்து ஓசையைக் கேட்டே, "வோல்டேஜை ஒரு புள்ளி இறக்கு" என்று சுவருக்கு மேலே குரல் கொடுப்பார். ஆனால் ஓசை நன்றாயிருந்தால் சுடர் நன்றாயிருக்கிறது என்றுதான் பொருள். தகடு உருகியதா என்பதற்கு ஓசையும் சாட்சி சொல்லாது.

சில்லறை விஷயங்களை விரைந்து சொல்லிவிடுகிறேன். துரு, பெயிண்ட், எண்ணெய் மூன்றையும் தேய்த்தெடுக்காமல் டார்ச்சைத் தொடக்கூடாது. தொட்டால் பீட் தேன்கூடுபோல் துளை துளையாகும். காஸ் நிமிடத்திற்கு 10 முதல் 15 லிட்டர் ஓடினால் சிறு வேலைக்குப் போதும். ஆனால் வியர்க்கிறது என்று மின்விசிறியைத் திருப்பிவிட்டால் அவ்வளவும் பறந்துவிடும். நம் ஊர் மே மாதத்தில் இது கடுமையான தவம். மழைக்காலத்தில் கம்பிச் சுருளை மெஷினிலேயே விட்டுவைத்தால் துருப்பிடிக்கும். துருக்கம்பி குழாயில் சிக்கித் திக்கித்திக்கி வரும். உருளையை அளவுக்கு மேல் இறுக்கினால், முனையில் அடைப்பு ஏற்படும்போது கம்பி உள்ளே குருவிக்கூடு கட்டிவிடும். முடிக்கும்போது டார்ச்சை வெடுக்கென்று எடுக்காமல் ஒரு கணம் நிறுத்திப் பள்ளத்தை நிரப்பவேண்டும். இல்லையேல் அங்கேதான் விரிசல் தொடங்கும்.

குழந்தைகளே, உங்களுக்கு ஒரு சொல். வெல்டிங் சுடரை வேடிக்கை பார்க்காதீர்கள். பார்க்கும்போது ஒன்றும் செய்யாது. சில மணி நேரம் கழித்து, இரவில், கண்ணில் மணலை வாரிப் போட்டதுபோல் எரியும். தாய்மார்கள் அதற்குப் பாலோ உருளைக்கிழங்கோ வைக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். தோலும் வெந்து உரியும். ஆகையால் டார்ச் பிடிக்கிறவர் அரைக்கைச் சட்டையோடு நிற்கக்கூடாது.

ஒரு பீட் பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன என்று கேட்கலாம். நாமெல்லாம் ரயில்வேக் குடும்பங்கள். பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2-ஆம் நாள் நேரு அவர்கள் தொடங்கி வைத்தார்கள். அங்கே சுவிஸ் நாட்டு முறையில் கட்டிய எஃகுப் பெட்டிகளின் உடல் முழுவதும் வெல்டிங்கினால் ஆனது. அந்த வகைப் பெட்டி கட்டுவது 2018-இல் நின்றது; ஆனால் கட்டியவை இன்னும் ஓடுகின்றன. அப்பெட்டிகள் முறைப்படி ஒர்க்ஷாப்புக்கு வரும்போது, முதலில் பார்க்கவேண்டிய இடம் கழிப்பறையின் அடித்தளமும் அதையொட்டிய மூலைகளும் ஆகும். ஈரம் தங்கித் தங்கி எஃகு அங்கேதான் அரிக்கும். அரித்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்கிறார்கள். பிறகு அதன்மேல் பெயிண்ட் ஏறும், தளம் மூடும், கதவும் பூட்டும் மாட்டப்படும். நாம் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, நள்ளிரவில் நம் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது அந்தத் தளத்தின் மேலேதான். போகியின் சட்டமும் அப்படியே. புதிய எல்.எச்.பி. பெட்டிகளிலும் அது தகடுகளை வெல்டிங் செய்து ஆக்கியதே. முழுப்பெட்டியின் பாரமும் ஒவ்வோர் அதிர்விலும் அதன்மீது வந்து விழுகிறது.

சோதிப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், கருவிகளும் உண்டு. ஆனால் மேற்பரப்பில் சாயம் தெளித்துச் செய்யும் சோதனை மேலே வாய் திறந்த விரிசலையே காட்டும். உள்ளே ஒட்டாமல் கிடக்கும் மெல்லிய பிளவு எக்ஸ்ரே படத்திலும் சில கோணங்களில் பிடிபடாது. ஒலியலைச் சோதனை பிடிக்கும். அதை ஒவ்வொரு சிறு பீட்டிற்கும் செய்துகொண்டிருக்க முடியாது. ஆகவே வெல்டருக்கே முன்கூட்டித் தேர்வு வைக்கிறார்கள். அவர் போட்ட சோதனைத் தகட்டை அறுத்து, வளைத்து, பிளக்காமல் இருந்தால்தான் வேலையில் விடுகிறார்கள். அன்று தகடு வளைந்தது. இன்று பெட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து, கண்ணில் வியர்வை வழிய, அவர் குட்டையின் முன் விளிம்பைப் பார்த்தாரா என்பது அவர் ஒருவருக்கே தெரியும். இத்தகைய வேலையைச் செய்கிறவரை 'இரும்பு ஒட்டுகிறவர்' என்று நம் வீடுகளில் இளப்பமாகப் பேசுவதை நான் விரும்புவதில்லை. என் தமக்கையிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். அவள் முழுதும் சமாதானம் அடைந்துவிட்டாள் என்று சொல்லமாட்டேன். பையன் வெல்டர் பிரிவில் ஓராண்டுப் படிப்பை முடித்து இப்போது அப்ரண்டிஸாக இருக்கிறான். பீட்டைப் படம் பிடித்துத் தாய்க்கு அனுப்புவதை நிறுத்திவிட்டான். அறுத்து மெருகேற்றிய துண்டைத்தான் அனுப்புகிறான். அவள் அதைப் பார்த்து, "இது என்ன, அல்வாத் துண்டுபோல் இருக்கிறது?" என்று என்னைக் கேட்கிறாள்.

ஐ.டி.ஐ.யில் சேரப் போகும் இளைஞர்கள் ஞாயிறு காலை எட்டு மணிக்குமேல் அண்ணாச்சியின் கொட்டகைக்கு வரலாம். முழுக்கைப் பருத்திச் சட்டையும் மூடிய காலணியும் அணிந்து வரவேண்டும். நைலான் சட்டை உதவாது. இளம்பெண்களும் வரலாம் என்று அண்ணாச்சியின் மருமகள் சொல்லச் சொன்னார்.

வாசலருகேயுள்ள மேசையில் சில துண்டுகளை வைத்திருக்கிறேன். இடப்பக்கம் உள்ளவை பிடித்தவை. வலப்பக்கம் உள்ளவை பிடிக்காதவை. கிரைண்டர்க் கோடு மிஞ்சிய அந்தத் தகடும் வலப்பக்கம் இருக்கிறது. பையனுடைய அனுமதி பெற்றே கொண்டுவந்தேன். விளிம்புகள் கூர்மையானவை, குழந்தைகள் தொடாமல் பெற்றோர் பார்த்துக்கொள்ளவும்.